வலையில் தங்கிய மாலை

1. வெள்ளிக்கிழமை அப்பாவின் படத்துக்கு அம்மா புது மாலை போட்டார்.
2. ஞாயிற்றுக்கிழமை பழைய மாலை வெள்ளவத்தைக் கால்வாய்க் குப்பைக்குள் கிடந்தது.
3. அதைக் கண்டவள் நான்.
4. அன்றைக்கு ஒருவரிடமும் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். அப்போது எனக்குப் பத்து வயது. அதற்கு முந்தைய வருடம் அப்பா இறந்திருந்தார். அம்மா பார்மசியில் வேலை செய்தார். ஞாயிறும் போக வேண்டும். அன்றைக்கு எங்கள் பிளாட்டில் ஃபிரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடும். அதனால் கீழ்வீட்டு அங்கிள் கால்வாய் துப்புரவாக்க ஆள் சேர்த்தபோது, கேட்காமலே நானும் போய் நின்றேன். இயற்கைமீது பெரிய பற்று ஒன்றும் இல்லை. அங்கே ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் லேன் முடிகிற இடத்தில் கால்வாய்க்குக் குறுக்கே வலை கட்டியிருந்தோம். மிதந்து வருகிறதெல்லாம் அதில் தங்கும். பெரியவர்கள் கொக்கியால் இழுத்துக் கரையில் போடுவார்கள். போத்தல் வேறு, பொலித்தீன் வேறாகப் பிரிப்பது என் வேலை.

"பிள்ளை, கையுறையைக் கழட்டாதீங்கோ. உதுக்குள்ள பாம்பும் இருக்கும், எதிர்வீட்டுக்காரற்ற சோத்துப் பார்சலும் இருக்கும். பாம்பு பரவாயில்லை" என்றார் அங்கிள்.

பிறகு முடிச்சுப் போட்ட ஒரு பையைக் கிழித்துத் தூக்கிக் காட்டினார். உள்ளே வாடிய பூமாலை, கரிந்த திரி, வெற்றிலை. "பாருங்கோ, சாமிக்கும் சொப்பிங் பேக்தான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் மாலையின் நுனியில் நீலக் கரை போட்ட வெள்ளை ரிப்பன் தெரிந்தது. என் பழைய பள்ளிக்கூட ரிப்பன். மாலை நீளம் போதாவிட்டால் அம்மா அதைக் கட்டித்தான் ஆணியில் மாட்டுவார்.

படத்தில் எப்போதும் மாலை இருந்தது. பழையது எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை. அம்மா அப்பாவை எறிந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அங்கிள் மற்றப் பக்கம் திரும்பியதும் மாலையை எடுத்து மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். சுற்றிவர அத்தனை பேர் நின்றார்கள். அதைச் சொல்ல ஒருவரும் இல்லை.

வீட்டில் அதைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். கால்வாயில் ஊறிய பூ எப்படி நாறும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. எலி செத்துக் கிடக்கிறது என்று அம்மா அலுமாரியை இழுத்தார், மேசையை இழுத்தார், கடைசியில் கட்டிலை இழுத்தார்.

"இது எங்கயிருந்து வந்தது?"

"கால்வாயில கிடந்தது. அப்பாட மாலையை ஏன் குப்பையில எறிஞ்சனீங்கள்?"

அம்மா பெட்டியை மடியில் வைத்தபடி நிலத்தில் இருந்தார்.

"குப்பையில போட மனம் வராமத்தானே கால்வாய்ப் பாலத்துக்குக் கொண்டுபோனனான். மீன் செதிலோட சேர்த்துப் போடேலுமே? படத்துக்குப் போட்ட பூவில கால் படக்கூடாது. ஓடுற தண்ணியில விடவேணும்."

"அது ஓடேல்லை, அம்மா. நாங்கள் வலை போட்டிருக்கிறம்."

விஷயம் தெரிந்தவள் என்ற பெருமையோடு சொன்னேன். என்மேல் இருந்த பாரமும் இறங்கியிருந்தது. அம்மா எறியவில்லை, அது போதும்.

"வலையோ?" என்றார். "எல்லாம் அதிலயே நிண்டுடுமோ?"

"ஓம். ஒண்டும் கடலுக்குப் போகாது."

பூவைப் பல்கனித் தொட்டி மண்ணில் புதைக்கலாம், பசளையாகும் என்று அங்கிள் சொன்னதையும் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வெள்ளி அம்மா அப்படியே செய்தார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

பாலம் எங்களிடமிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் அதற்கு முன்பெல்லாம் வெள்ளி பின்னேரங்களில் பையோடு போன அம்மா, நான் வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் முடித்த பிறகுதான் திரும்பி வருவார். வந்ததும் சிவந்த கண்ணோடு நேரே போய் முகம் கழுவுவார். ஒரு பையைத் தண்ணீரில் விட ஏன் அவ்வளவு நேரம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கால்வாய்த் தண்ணீர் முன்னையைவிடப் பரவாயில்லை. வலையை இரண்டு தரம் மாற்றியிருக்கிறார்கள். பூ தொட்டிக்குள் போகிறது. அம்மா வெள்ளிக்கிழமைகளில் வெளியே போவதில்லை.