மூன்றாவது அறையின் காற்று

இதைக் கட்டுக்கதை என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குக் கவலையில்லை. இது என் அண்ணிக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. கோபம்தான் வரும்.

ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் புகார்களை போனில் கேட்கும் வேலை அவருக்கு. முகம் தெரியாதவர்களின் வசவையெல்லாம் "சரிங்க சார், சரிங்க மேடம்" என்று வாங்கிக்கொள்வார். வாங்கியதை வீட்டுக்கு வந்து வட்டியோடு இறக்கிவைப்பார். அண்ணனே அவரைச் 'சரவெடி' என்றுதான் கூப்பிடுவார். அண்ணன் சரக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார்.

அந்த மாடி வீட்டுக்கு அவர்கள் குடிபோனதே ஏசிக்காகத்தான். மொட்டைமாடியில் ஒரு பெரிய மெஷின். அதிலிருந்து கூரைக்குள் சதுரத் தகரக் குழாய்கள் ஓடி மூன்று அறைகளுக்கும் குளிர்காற்றைக் கொண்டுவரும். ஒவ்வோர் அறையிலும் சுவரின் உச்சியில் காற்று வர ஒரு கம்பி கிரில். மூன்றாவது அறை சின்னது. அதன் ஜன்னலை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். "திருட்டு பயம்மா" என்றார் கீழ்வீட்டில் தனியாக இருந்த வீட்டுக்காரர். மனைவியை இழந்தவர். மற்ற இரண்டு அறைகளைவிட அங்கேதான் காற்று ஜில்லென்று வந்தது. ஆறு வயது மகள், "இது என் ரூம்" என்று ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்தாள்.

இரண்டாவது வாரம் நாற்றம் தொடங்கியது. ஈரத்துணியை வாளியில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அந்த நாற்றம். பிறகு குழந்தைக்கு இருமல். பிறகு இழுப்பு. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல எங்கயாவது பூஞ்சை பிடிச்சிருக்கா?" என்றார்.

அண்ணி வந்து கிரில்லைப் பார்த்தார். கம்பிகளின் இடுக்கில் கறுப்பாகப் பூஞ்சை. நேராகக் கீழே இறங்கினார்.

வீட்டுக்காரர் நாற்காலியைவிட்டு எழவேயில்லை. "ஈரத்துணியை வீட்டுக்குள்ள காயப்போட்டா பூஞ்சைதான் பிடிக்கும். நாங்க இருந்தப்போ இதெல்லாம் இல்ல. பொம்பளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு குறை."

"என் புள்ள மூச்சு விட முடியாம கிடக்குறா. அது உங்களுக்குக் குறையா?"

"ஜன்னலைத் திறந்து வெச்சுப் பழகும்மா. எல்லாம் சரியாயிடும்."

ஆணி அடித்த ஜன்னல்! அண்ணிக்கு உச்சந்தலை கொதித்தது. அவரே ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அந்த ஆள் குறை வைக்கவில்லை. மெஷினைப் பிரித்துக் கழுவினார். தண்ணீர் வடியும் தட்டைச் சுரண்டினார். மூன்று கிரில்களையும் மருந்து போட்டுத் தேய்த்தார். கடைசியில் மூன்று அறைகளிலும் கிரில்லுக்கு நேராகக் கைவைத்துப் பார்த்தார். "நல்லா வருதுக்கா. இனிமே பிரச்சினை இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையிலேயே பூஞ்சை திரும்ப வந்திருந்தது. மூன்றாவது அறையில் மட்டும்.

அண்ணி துடைத்தார். அடுத்த நாளும் இருந்தது. மறுபடி துடைத்தார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தார். பூஞ்சை சும்மா பரவவில்லை. கிரில்லின் கீழ்க்கம்பியில் நான்கு கறுப்புத் திட்டுகள், பக்கத்தில் பக்கத்தில். யாரோ உள்ளேயிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததைப் போல...

'பைத்தியமா உனக்கு' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை. குழந்தைக்கு முடியாததால் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அண்ணியும் லீவு. சமையலறையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது அறையில் இருமல் கேட்டது. நெஞ்சைக் கிழிக்கிற இருமல்.

"எழுந்து உக்காருடா கண்ணு, அம்மா வரேன்!"

"நான் இங்க இருக்கேம்மா."

திரும்பிப் பார்த்தார். குழந்தை சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ அங்க இருமுனது யாரு?"

"மேல இருக்கவங்க. எப்பவும் அவங்கதான் இருமுவாங்க." குழந்தை சாதாரணமாகச் சொன்னாள். "ரொம்பக் கோவமா இருக்காங்கம்மா."

சரியாகப் பன்னிரண்டு பத்து. அந்த நிமிடம் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. ஃபிரிஜ் நின்றது. மொட்டைமாடியில் மெஷின் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. வீடே நிசப்தமானது.

அண்ணி மூன்றாவது அறைக்கு ஓடினார். அங்கே மட்டும்... காற்று நிற்கவில்லை.

ஸ்ஸ்ஸ்... என்று வந்தது.

நின்றது.

பிறகு உள்ளே இழுத்தது. கட்டிலுக்கு மேலே குழந்தை ஒட்டிவைத்திருந்த படம் சுவரைவிட்டு எழும்பிக் கிரில்லை நோக்கித் துடித்தது. மறுபடி ஸ்ஸ்ஸ்... படம் தளர்ந்தது.

மூச்சு!

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அண்ணிக்கு வந்தது கோபம். கீழே இருக்கிற ஆள்தான் ஏதோ சித்துவேலை செய்து வீட்டைக் காலிசெய்ய வைக்கப் பார்க்கிறார் என்று பட்டதாம். குழந்தையைக் கூடத்தில் உட்காரவைத்தார். திருப்புளியை எடுத்தார். கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

ஒரு திருகு. இரண்டு. மூன்று. நான்காவது கழலுமுன் கிரில் தானாகத் தொங்கியது.

உள்ளே இருட்டு. குழாயின் நான்கு பக்கமும் கறுப்பு ரோமம் முளைத்ததுபோல் பூஞ்சை. கொஞ்ச தூரத்தில் குழாய் வளைந்தது. அதற்குமேல் எதுவும் தெரியவில்லை.

அண்ணி முகத்தை அருகே கொண்டுபோனார்.

இருமல்.

முகத்துக்கு நேரே. ஈரமாக. ஜில்லென்று.

பிறகு ஒரு பெண்குரல். கரகரவென்று...

"சொன்னேன்..."



"எத்தனை தடவை... சொன்னேன்..."

கூடத்தில் குழந்தைக்கு இழுப்பு கண்டது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டைப் பார்த்தே கத்தினார்.

"நீ யாரா வேணா இரு! யார் மேல கோவமோ அவங்ககிட்டப் போ! என் புள்ள உனக்கு என்ன பண்ணா?"

மூச்சு நின்றது.



அண்ணி இறங்கினார். குழந்தையை வாரி எடுத்தார். வெறுங்காலோடு படியிறங்கினார்.

வீட்டுக்காரர் கீழே நின்றுகொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று அவர் கேட்கவில்லை. குழந்தையைக்கூடப் பார்க்கவில்லை. மாடியையே பார்த்தபடி, "மூணாவது ரூம் கிரில்லைக் கழட்டினியா?" என்றார்.

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. வாயை மூடிட்டுப் போ."

அந்த ஆளின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்ததாம். அண்ணி அவரை என்னென்ன கேட்டார் என்பதை இங்கே எழுத முடியாது. தெருவே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் அண்ணி கால்வைக்கவில்லை. சாமான்களை அண்ணன்தான் போய் எடுத்துவந்தார். வேறு வீட்டில் ஒரே வாரத்தில் குழந்தையின் இழுப்பு நின்றது. இன்றுவரை திரும்பவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் ஏதோ பிரமை என்று நானும் விட்டிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மெக்கானிக் அண்ணிக்கு போன் செய்தார். வீட்டுக்காரர் ஏசி முழுவதையும் கழற்றச் சொல்லிக் கூப்பிட்டாராம்.

"அக்கா, கூரையைப் பிரிச்சுக் குழாயை எடுத்தேன். மூணாவது ரூமுக்குப் போற குழாயைப் பாதியிலயே வெட்டி, செங்கல் வெச்சுப் பூசியிருக்காங்க. ரொம்பப் பழைய பூச்சு. ஏன்னு கேட்டேன். அவர் சம்சாரம் நெஞ்சுநோயோட அந்த ரூம்லதான் படுத்திருந்தாங்களாம். காத்துல நாத்தம் அடிக்குதுன்னு தினம் சொல்லிட்டே இருந்தாங்களாம். 'தொணதொணன்னு ஒரே புலம்பல். அதான் அடைச்சேன்'னாரு. கடைசி மூச்சும் அங்கயேதானாம்."

மெக்கானிக்கே தொடர்ந்தார்.

"மெஷின் பக்கம் அந்தச் செங்கல் காஞ்சு கிடந்துச்சுக்கா. ரூம் பக்கம் சொட்டச்சொட்ட ஈரம்..."

"நீங்கதானே கைவெச்சுப் பார்த்து நல்லா வருதுன்னீங்க?"

"ஆமாக்கா. வந்துச்சு. ஜில்லுன்னு வந்துச்சு."

"மெஷின் காத்து அந்த ரூமுக்கு வரவே வழியில்லன்னா, என் பொண்ணு மேல அத்தனை நாளும் பட்டது என்ன காத்து?"

மெக்கானிக் போனை வைத்துவிட்டார்.