பெரிய கிடாவுக்காக நான் பேசிய பேச்சு

மேடையில் வழக்காடுகிறவனுக்கு ஒரு வித்தை பழக்கப்படுகிறது. எதிரணியின் வாதம் மறுக்க இயலாதபடி வலுவாக இருந்தால், அதை மறுக்க முயலக்கூடாது, சிரிப்புக்குரியதாக்கிவிட வேண்டும். அவை சிரித்துவிட்டால் வாதம் செத்துவிடும். இதை நான் கல்லூரியின் முதலாண்டிலேயே கற்றேன். இரண்டாமாண்டில் என் மதினியின் மீது பயன்படுத்தினேன்.

எங்கள் பன்றிப் பண்ணை ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து மலையைப் பார்த்துப் போகும் மண்பாதையில் இருக்கிறது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அண்ணன் தொடங்கியது. காலையில் அவர் சின்ன லோடு வண்டியில் ராஜபாளையம் போய், ஓட்டல்களில் மிஞ்சிய சோறும் காய்கறிக் கழிவும் டிரம்களில் ஏற்றி வருவார். அதைக் கொதிக்க வைத்து, தவிடு கலந்து, ஆறு கொட்டில்களிலும் ஊற்றுவது மதினி. கழுவுவதும் மருந்து போடுவதும் ஈன்ற பன்றிக்குக் காவல் இருப்பதும் அவரே. திருமணத்துக்கு முன் அவர் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் கல்லூரி விடுமுறை நாள்களில் மட்டும் பண்ணைக்கு வந்து, கொட்டில் சுவரில் சாய்ந்தபடி கருத்துச் சொல்கிறவனாக இருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணன், மதினி, நான், அண்ணனோடு பட்டாளத்தில் இருந்த அவருடைய நண்பர் ஆகிய நால்வரும் பண்ணைக்குப் போவோம். எதை விற்பது, எதை வைப்பது என்பதெல்லாம் அங்கே நின்றபடியே முடிவாகும். என் இரண்டாமாண்டில் ஒரு ஞாயிறு முடிவு செய்ய வேண்டியிருந்தது, எந்தக் கிடாவை இனத்துக்கு விடுவது என்பது. ஆண்குட்டிகளில் இரண்டை மட்டும் காயடிக்காமல் விட்டிருந்தார்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கறிக்கு அனுப்ப வேண்டும். அடுத்து வரும் குட்டிகள் அனைத்தும் அந்த ஒன்றின் வழியாகத்தான் வரும்.

முதல் கொட்டிலின் கிடா மிகப் பெரியது. தராசில் ஏற்றியபோது மற்ற எல்லாவற்றையும் விட எடை கூடுதலாகக் காட்டியது. மூன்றாம் கொட்டிலின் கிடா நடுத்தரமானது. ஆனால் அதனோடு வளர்ந்த ஏழும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் சீராக இருந்தன. முதல் கொட்டிலில் பெரியதைத் தவிர மற்றவை மேலும் கீழுமாக இருந்தன. மதினி மூன்றாம் கொட்டில் கிடாவைத்தான் வைக்க வேண்டும் என்றார்.

"பெரியவன் தனக்கு மட்டுந்தான் வளந்திருக்கான்," என்றார். "அவன் தொட்டியில குறுக்க படுத்துக்கிட்டா வேற எதுவும் வாய வைக்க முடியாது. கால் வீங்கி அவனத் தனியாக் கட்டிப்போட்டமே, அந்தப் பத்து நாள்லதான் மத்ததெல்லாம் வயிறு ரொம்பித் திரிஞ்சுச்சு."

அண்ணன் யோசித்தார். மதினி தமக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தையும் சொன்னார். "கம்பெனியில ஒரு மேசைக்கு ஆறு பேரு நின்னு துணி மடிப்போம். ஒருத்தி நல்ல துணியாப் பாத்து இழுத்து வச்சுக்குவா. கிழிசலும் சுருக்கமும் எங்க பக்கம் வரும். எண்ணிக்கையில அவதான் முந்துவா, சூப்பர்வைசரும் அவளத்தான் மெச்சுவாரு. ஆனா அவ லீவு போட்ட அன்னைக்குத்தான் எங்க மேசையில மொத்தமும் கூடும். அந்த மாதிரி இவன்."

அது மறுக்க முடியாத வாதம். அப்போதே அது எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் இன்று என்னை உறுத்துகிறது. ஆனால் அந்த வாரம் கல்லூரிப் போட்டி ஒன்றில் நான் பிறப்பே வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்று பேசிப் பரிசு பெற்றிருந்தேன். என் காதில் அந்தக் கைதட்டல் இன்னும் சூடாக இருந்தது.

"மதினி," என்றேன், "நீங்க மடிச்சது துணி. இது ரத்தம். மேசைக்கும் நாலு காலு, பன்னிக்கும் நாலு காலு. அதுக்காக மேசை குட்டி போடுமா?"

அண்ணனின் நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் நான் தராசின் பக்கம் கையை நீட்டி, எடை பொய் சொல்லாது என்றும், பெரியதன் குட்டிகள் பெரியதாகவே பிறக்கும் என்றும் ஏற்ற இறக்கத்தோடு முழங்கினேன்.

"எந்தம்பி பேசுனா கலெக்டரே கையெழுத்துப் போட்ருவாருலே," என்று அண்ணன் நண்பரின் தோளில் தட்டினார். முடிவாகிவிட்டது. மதினி வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். அடுத்த சனிக்கிழமை மூன்றாம் கொட்டில் கிடா கறிக்கடை வண்டியில் ஏறியது. வண்டியில் ஏறத் தயங்கிய அதை மதினிதான் காதருகே தட்டிக்கொடுத்து ஏற்றிவிட்டார் என்று அண்ணன் சொன்னார். அன்று நான் ஊரில் இல்லை.

பெரிய கிடாவின் குட்டிகள் வந்தன. பால்குடி மறக்கும் வரை அழகாகவே இருந்தன. நான் மதினியைப் பார்க்கும்போதெல்லாம், "எப்பிடி மதினி, ரத்தம்?" என்று கேட்பேன். அவர் சிரிப்பார். பிறகு அவை கொட்டில்களில் பிரித்து விடப்பட்டபோது தொந்தரவு தொடங்கியது. ஒவ்வொரு கொட்டிலிலும் ஒன்றிரண்டு ஊதிப் பெருத்தன. மற்றவை சுவரோரம் ஒண்டின. காதுகளில் காயம் பொருக்குத் தட்டியது. அடுத்து ஒன்றன் வாலை ஒன்று கடிக்கத் தொடங்கின. அண்ணன் தீவனத்தின் மீது பழி போட்டு அதை மாற்றினார். தொட்டியை நீளமாக்கினார். கடிப்பவற்றை இடம் மாற்றினார். போன இடத்திலும் அவை கடித்தன. மதினி காலையும் மாலையும் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து ஒவ்வொரு வாலாகத் தடவிக்கொண்டிருந்தார். 'நான் சொன்னேனே' என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எதிர்வாதம் தயாராக இருந்தது.

இரண்டாம் கொட்டிலில் ஒரு பெட்டைக்குட்டியின் வால் அடிவரை போய்விட்டது. புண் உள்ளே ஏறிப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. மதினி அதைச் சாக்கில் கிடத்தி, வாயில் கஞ்சி ஊற்றி நான்கு நாள் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் கால்நடை மருத்துவர் வந்தபோது அது இறந்திருந்தது. அவர் எல்லாக் கொட்டில்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எடையில முந்துனதப் பாத்துக் கிடா விட்டீங்களோ?" என்று கேட்டார். "அங்கதான் தப்பாயிருது. ஒரு பன்னி எம்புட்டு வளருதுங்கிறது அதோட ரத்தத்துல மட்டும் இல்ல, கூடக் கெடக்கிறதோட ரத்தத்துலயும் இருக்கு. பக்கத்துல உள்ளத அமுக்குற குணமும் குட்டிக்கு இறங்கும். ஒண்ண மட்டும் பாக்காம கொட்டில் மொத்தத்தையும் பாத்து எடுக்கணும். யாரு தேர்ந்தெடுத்தது?"

நான் அங்கேயே நின்றிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மதினி சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் என்னைப் பார்க்காமலே, "நாங்கதான் சார், எல்லாருஞ் சேர்ந்து," என்றார். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் மதினியையும் சேர்த்துப் போட்டதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். மூன்று நிமிடத்தில் எந்தத் தலைப்பையும் தொடங்கி முடிக்கத் தெரிந்த எனக்கு, 'நான்' என்ற ஒரு சொல் வரவில்லை.

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சில வாரங்கள் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பேச்சுப் போட்டி. ஒருவரின் வளர்ச்சிக்குப் பெருங்காரணம் பிறப்பா, சூழலா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் இம்முறை எனக்குச் சூழல் விழுந்தது. நான் மேடையேறி, ஆறு பெண்கள் துணி மடிக்கும் ஒரு மேசையைப் பற்றிப் பேசினேன். நல்ல துணியை இழுத்துக்கொள்ளும் ஒருத்தி. அவள் விடுப்பு எடுத்த நாளில் கூடுகிற மொத்த எண்ணிக்கை. அங்கிருந்து கொட்டிலுக்கு வந்தேன். கால் வீங்கிய கிடாவும் வயிறு நிறைந்த மற்றவையும். "நான் கண்டேன், அவையோரே" என்றேன். நான் எதையும் கண்டதில்லை. அந்த மேசையையும் கண்டதில்லை, அந்தப் பத்து நாளும் பண்ணைப் பக்கம் போனதில்லை. கைதட்டல் நிற்க நேரமாயிற்று. முதல் பரிசுக் கோப்பை கொடுத்தார்கள்.

இறங்கி வந்தபோதுதான் கடைசி வரிசையில் அண்ணனும் மதினியும் இருப்பதைக் கண்டேன். சொல்லாமல் பைக்கில் வந்திருந்தார்கள். அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டார். மதினி கோப்பையை வாங்கி, முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மேசக் கதைய நல்லாச் சொன்னீக தம்பி," என்றார். "நான் சொல்லும்போது அம்புட்டு நல்லா இல்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் அந்தக் கோப்பையை நான் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

அண்ணன் பெரிய கிடாவை விற்றுவிட்டார். மீண்டும் இரண்டு மூன்று ஆண்குட்டிகளைக் காயடிக்காமல் விட்டு, ஒரு ஞாயிறு எல்லோரும் சுவரோரம் நின்றோம்.

"ஏலே, நீ சொல்லு," என்றார் அண்ணன் என்னிடம்.

"மதினியக் கேளுண்ணே."

"எனக்கென்ன தெரியும்," என்றார் மதினி, பன்றிகளைப் பார்த்தபடியே. "துணி மடிச்சவ. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அண்ணனின் நண்பர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். இனி மதினி இந்த விஷயத்தில் வாய் திறக்கவே மாட்டார் என்று எனக்குப் புரிந்தது. ஆறு கொட்டில்களையும் நாள் முழுக்கப் பார்க்கிற ஒரே கண் அது. அதை நான் மூடிவிட்டேன்.

"மதினி," என்றேன், "அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சிரிக்க வச்சேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பேசுனதும் உங்க பேச்சு. கோப்பையும் உங்களுதுதான்."

என் வாழ்நாளில் நான் பேசியவற்றுள் மிக மோசமாகப் பேசியது அதுதான். குரல் இருமுறை உடைந்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மதினி என்னைத் தாண்டித் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"கோப்பைய வச்சு நான் என்ன செய்ய, தம்பி," என்றார் கடைசியில். "செத்த தள்ளி நில்லுங்க. தொட்டி மறைக்குது."

தள்ளி நின்றேன். அன்று அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

மறுவாரம் நான் போனபோது, ஐந்தாம் கொட்டிலில் ஒரு நடுத்தரக் கிடாவின் முதுகில் புண்ணுக்கு அடிக்கும் ஊதா மருந்தால் ஒரு கோடு போட்டிருந்தது. அதைச் சுற்றி மற்றவை தோளோடு தோள் ஒட்டித் தொட்டியில் தின்றுகொண்டிருந்தன. யார் தேர்ந்தெடுத்தது என்று அண்ணனிடம் கேட்டேன். மதினி வாரம் முழுக்க அந்தக் கிடாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து, மற்றவை எப்படித் தின்கின்றன என்று பார்த்தாராம். காரணத்தை அண்ணனிடம் விளக்கமாகச் சொன்னாராம்.

சற்று நேரம் கழித்து நான் மீண்டும் உள்ளே வந்தபோது மதினி அண்ணனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டு, வாளியைக் கையில் எடுத்தார்.