நான் கொன்ற அரக்கன்

என் முதல் மாயாஜால நாவலை இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டவர் டில்லிபாபு. "இதப் படிச்ச நேரத்துல பட்டாபிராம்ல இருந்து சென்ட்ரலுக்கு ரெண்டு வாட்டி ரயில்ல போய் வந்திருக்கலாம்" என்று எழுதியிருந்தார். விடுவேனா? இரண்டாவது நாவலில் அதே பெயரில் ஓர் அரக்கனைப் படைத்து, அம்பத்தூர் ஏரியில் ஏழு தலைப் பல்லிக்கு இரையாக்கினேன்.

போன மாதம் அம்பத்தூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் அறிவியல் புனைகதை, மாயாஜாலக் கதை ரசிகர்களின் விழா. நான் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் பச்சைச் சாயம், தலையில் தெர்மாகோல் கொம்பு என்று ஒருவர் வந்து நின்றார்.

"நான்தான்க்கா டில்லிபாபு! இன்னாமா சாவடிச்சிக்கீறீங்க என்னை! ஊட்ல எல்லாரும் படிச்சிட்டாங்க. கொம்பு எம்பொண்ணு செஞ்சி குடுத்துச்சு."

என்னைச் சுற்றி நின்ற கூட்டம் அவரோடு செல்ஃபி எடுக்க ஓடியது. அவர் நீட்டிய புத்தகத்தில் 'அன்புடன்' என்று எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது.

"அடுத்த பாகத்துல எப்டிக்கா திரும்பி வர்றேன்?" என்றார் ஆசையாக.

சிரித்து வைத்தேன். ஒருவரைப் பழிவாங்க, கொன்றால் மட்டும் போதாது என்று அன்றுதான் புரிந்தது. மூன்றாவது நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் அவர் பெயர் ஓரிடத்தில்கூட வராது.