கதவுக்கு வெளியே நின்றவர்கள்

மூன்று நாள் ஐப்பசி மழையில் ஊறிய பக்கத்து வீட்டு மதில், ஆரப்பாளையத்தில் தமிழ்வாணி குடியிருந்த ஓட்டு வீட்டின் மேல் சரிந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளும் அம்மா சோலையம்மாளும் மட்டுமே இருந்த வீடு. இடிபாட்டுக்குள் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தார்கள். "வாணி, தூங்கிராத. ஏதாச்சும் பேசு," என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆட்கள் வந்து மண்ணை விலக்கியபோது வாணிக்கு உயிர் இருந்தது. அம்மாவுக்கு இல்லை.

பழங்காநத்தத்துச் சித்தி அவளைச் சேர்த்துக்கொண்டாள். ஒடிந்த கை இரண்டு மாதத்தில் கூடியது. ஆனால் மூடிய இடத்துக்குள் போனால் மூச்சு முட்டியது. கோரிப்பாளையத்தில் அவள் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் கழிப்பறைக் கதவைச் சாத்தப் பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பாள். ஒருநாள் கவுண்டரிலேயே மயங்கி விழுந்தாள்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியவள், அங்கே டோக்கன் கொடுக்கும் தஸ்லிமா. விஷயத்தைக் கேட்டதும், "இத மொதல்லயே சொல்லக் கூடாதாடி? நீ கதவச் சாத்து, தாப்பா போட வேணாம். நான் வெளிய நின்னு பேசிக்கிட்டே இருக்கேன்," என்றாள்.

அப்படியே பேசினாள். அவள் அத்தா மீன் வாங்கி ஏமாந்தது, தம்பி பரீட்சையில் கோட்டை விட்டது, வாயில் வந்ததெல்லாம். ஸ்கேனுக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தஸ்லிமா லீவு போட்டால், ரிப்போர்ட் டைப் செய்யும் மீனா நிற்பாள். அவளுக்கு அப்படிப் பேச வராது. சுவரில் ஒட்டிய அறிவிப்பைச் சத்தமாகப் படிப்பாள்: "காலணிகளை வெளியே விடவும். வெறும் வயிற்றில் வரவும்."

மறு வருஷம் ஐப்பசியின் முதல் மழை இறங்கிய மத்தியானம், வாணி வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். கோரிப்பாளையம் சந்திப்பில், பஸ்களுக்கு நடுவே, தடுப்புச் சுவரோரம் நனைந்தபடி உட்கார்ந்திருந்தவளைத் தஸ்லிமாவும் மீனாவும் போய்ப் பிடித்தார்கள்.

"நான் தூங்கிட்டேன்டி," என்றாள் வாணி. "அம்மா பேசச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா சத்தமில்ல."

ஒரு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. "அதுக்கு நான் என்னத்தடி சொல்ல," என்று தஸ்லிமாவும் அழுதாள்.

மறுநாள் இருவரும் அவளைப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார்கள். அதன்பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு வியாழன், முறை வைத்து ஒருத்தி அவளோடு போய் வரிசையில் உட்கார்ந்தாள். "எம்புட்டு நாளைக்குத்தான் இப்படி மாத்திரை முழுங்குவ?" என்று சித்தி சலித்துக்கொண்டாள். எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. மழை நாளில் வாணிக்கு இன்னமும் தூக்கம் கிடையாது.

தை மாதம் தஸ்லிமா கல்யாணமாகித் திண்டுக்கல் போய்விட்டாள்.

போன வியாழன், "நான் தனியாவே போய்ட்டு வாரேன்," என்று வாணி பஸ் ஏறினாள். வானம் இருட்டிக்கொண்டு வரவே பாதியில் இறங்கித் திரும்பிவிட்டாள். அடுத்த வியாழனுக்கு மீனா வாணியோடு தனக்கும் சேர்த்து லீவு எழுதிக் கொடுத்தாள்.