இரண்டு சொட்டு

தோற்றிருந்தால் அந்த இன்ஜினை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். ஜெயித்த வண்டியைத்தான் பிரித்து அளப்பார்கள். அறுபதுகளின் பின்பாதியில் மெட்ராஸ் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் எங்கள் வண்டி ஜெயித்துத் தொலைத்தது.

வண்டி என் மச்சானுடையது, மனைவியின் தம்பி. டூ ஸ்ட்ரோக், நூற்று எழுபத்தைந்து சி.சி. வகுப்பு. மேல்சித்தாமூரிலிருந்து செஞ்சி பஜாருக்கு அதில்தான் மல்லாட்டை மூட்டை, வேர்க்கடலைதான், ஏற்றி வருவான். முதலாவதாக வந்தால் வேலை தருவதாக மெட்ராஸில் ஒரு வண்டி வியாபாரி சொல்லியிருந்தார். மூட்டை தூக்குவதிலிருந்து தப்பிக்க அவனுக்கு வேறு வழி இல்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் மெக்கானிக். புகை வெளியேறும் வழியை அரத்தால் ராவி உயர்த்தினேன், சைலன்சரைச் சுருக்கினேன். விதியில் அதற்கெல்லாம் தடை இல்லை. நூற்று எழுபத்தைந்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் சிலிண்டர் தேய்ந்து கோடு விழுந்திருந்தது. துளையைப் பெருக்கிப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். கால் மில்லிமீட்டர் பெரியது, இல்லாவிட்டால் அரை; பெருக்கப் பெருக்க சி.சி.யும் கூடும். கால் கிடைக்கவில்லை என்று மச்சானிடம் சொல்லி, திண்டிவனம் லேத் பட்டறையில் அரைக்குப் பெருக்கி வந்தேன்.

அளந்த அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்துல ஒரு சி.சி. கூடுது. வண்டி செல்லாது. ஏமாத்தலாம்னு வந்தீங்களா?"

பத்தில் ஒரு சி.சி. என்றால் இரண்டு சொட்டு எண்ணெய். மச்சான் தலைகுனிந்து நின்றான்.

பரிசு இரண்டாவதாக வந்த பணக்காரப் பிள்ளைக்குப் போனது. அவன் தேய்ந்த சிலிண்டரை எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுகிறவன். அவன் இன்ஜின் ஒருநாளும் பெருகாது. தேய்ந்ததைப் பெருக்கி ஓட்டுகிறவன்தான் மோசக்காரன். விதி எழுதியவன் பழைய வண்டி வைத்திருக்கவே மாட்டான். அவனை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

வண்டியை லாரியில் ஏற்றித் திரும்பினோம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணில் பட்டதும் மச்சான் கேட்டான்.

"கால் சைஸு நெஜமாவே கெடைக்கலையா மாமா?"

"கெடைக்கல மாப்ள."

"அப்ப நீ இன்னா பண்ணுவ, பாவம்."

வியாபாரி வேறு ஆளை வைத்துக்கொண்டார். மச்சான் முதுகு வளையும்வரை மூட்டைதான் ஏற்றினான். விதி எழுதியவனை இன்றுவரை என்னோடு சேர்ந்து திட்டுகிறான்.

கால் சைஸ் பிஸ்டன் அன்று என் மேஜை டிராயரில் இருந்தது. அரை போட்டால் இன்னும் கொஞ்சம் இழுக்குமே என்று எனக்கு ஆசை.