பதினேழு முறை தடுக்கப்பட்டது

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். நடந்ததை நேரம் முதற்கொண்டு குறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பதிவின் நகல் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்பார்கள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றேகால் மணிக்கு வந்தது. வெளியே நல்ல வெயில்.

நான் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் பார்த்துக்கொள்பவன். ஃபயர்வால் என் பொறுப்பு. வெளியிலிருந்து எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று வரி வரியாக விதி எழுதுவேன். அதனால் எல்லோரும் என்னை 'வாட்ச்மேன்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூடவே ஒரு விசிலும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த மாதம் யாரோ ஒரு புண்ணியவான் சாட் வழியாக வந்த ஃபைலைத் திறந்து வைரஸை உள்ளே விட்டுவிட்டார். இரண்டு நாள் பாதி அலுவலகம் படுத்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சாட் மொத்தத்தையும் அடைச்சிடு. ஒரு ஈ கூட உள்ள வரக்கூடாது."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடைப்பதாக முடிவு. செய்தி தெரிந்ததும் டைப் அக்கா என் மேஜைக்கு வந்தார். விசைப்பலகையைப் பார்க்காமலே மழை மாதிரி டைப் அடிப்பார், அதனால் அந்தப் பெயர். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலது கையும் போய்விட்டது. பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பார். இடது கையின் ஒற்றை விரலால் அக்காவுக்கு மெசேஜ் அடிப்பார். எங்கள் அலுவலகத்தில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தச் சாட்தான் அந்த மனிதருக்கு வாய். தினமும் பதினொரு மணி வாக்கில் முதல் வார்த்தை வரும்... 'பிஸியா?'

"எங்க வீட்டு லைனை மட்டும் விட்டுடு தம்பி," என்றார் அக்கா.

"அவ்வளவுதானே? கவலையை விடுங்கக்கா."

ஏமாற்றவில்லை. சாட் எல்லாவற்றையும் தடுக்க ஒரு விதி எழுதினேன். அக்கா வீட்டு இணைப்பை மட்டும் அனுமதிக்க இன்னொரு விதி எழுதினேன். "போட்டாச்சுக்கா" என்றும் சொன்னேன். சோதித்துப் பார்க்கவில்லை. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் எனக்கு.

மறுநாள் புதன்கிழமை. அக்கா தொப்பலாக நனைந்து வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. நாளெல்லாம் யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், கணவர் நாற்காலியிலிருந்து விழுந்து கிடந்திருக்கிறார். உடம்பு சில்லிட்டிருந்தது. மாரடைப்பு.

துக்கம் விசாரிக்கப் போனேன். அக்கா அழவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"ஒரு வார்த்தை அடிச்சிருக்கலாமே தம்பி. ஓடி வந்திருப்பேனே. என்னைக் கூப்பிடவே இல்லையே அவரு..."

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஃபயர்வாலின் அந்த வாரத்துப் பதிவுகளைப் பார்க்கப் போனேன். வழக்கமாகச் செய்வதுதான். கூடத்தில் நாற்பது கணினிகளும் அணைந்து கிடந்தன. சர்வர் அறையில் விசிறிச் சத்தம் மட்டும்.

3:05. புதன்கிழமைப் பதிவு திரையில் வந்தது.

11:02. தடுக்கப்பட்டது. 11:06. தடுக்கப்பட்டது. 11:09. தடுக்கப்பட்டது...

எண்ணினேன். பதினேழு. கடைசி 11:52. அத்தனையும் அக்கா வீட்டு இணைப்பின் எண்ணிலிருந்து. என்ன எழுதினார் என்று பதிவு சொல்லாது. நேரமும் இடமும் மட்டும்தான்.

விதிப் பட்டியலைத் திறந்தேன். ஃபயர்வால் மேலிருந்து கீழே படிக்கும். முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதோடு நிறுத்திவிடும். கீழே இருப்பதைத் திரும்பியும் பார்க்காது. நான் 'எல்லாவற்றையும் தடு' என்பதை மேலே எழுதியிருந்தேன். அக்கா வீட்டை அதற்குக் கீழே எழுதியிருந்தேன். தொழிலுக்குப் புதிதாக வருபவர்களிடம் நானே நூறு தடவை சொல்லிக்கொடுத்த பாடம் அது.

இன்னொன்றும் செய்திருந்தேன். தடுத்ததை அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டாம், சத்தமில்லாமல் விழுங்கிவிடு என்று வைத்திருந்தேன். அதுதான் பாதுகாப்பு. ஆக, அவர் பக்கத்தில் மெசேஜ் போனது போலவே இருந்திருக்கும். பதில் மட்டும் வந்திருக்காது. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தபடியே அந்த மனிதர் போயிருப்பார்.

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

3:14.

திரையில் புது வரி ஒன்று ஏறியது. தடுக்கப்பட்டது.

அதே எண்.

அக்கா வீட்டில் யாராவது கணினியைத் தொட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். 3:15. தடுக்கப்பட்டது. 3:16. தடுக்கப்பட்டது. சரியாக நிமிடத்துக்கு ஒன்று...

3:19. அக்கா வீட்டு விதியைத் தூக்கி மேலே வைத்தேன். சேமித்தேன்.

3:20. அனுமதிக்கப்பட்டது.

கூடத்தில்... 'டிங்'.

எழுந்து போனேன். மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். அக்காவின் கணினி.

திரை எரிந்துகொண்டிருந்தது.

'பிஸியா?'



'டிங்.'

'கோபமா?'

நின்றபடியே விசைப்பலகையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. 'அக்காவுக்கு உங்க மெசேஜ் வரலை. நான்தான் அடைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க' என்று அடித்தேன்.

எழுதிக்கொண்டிருக்கிறார்... என்று காட்டியது. ரொம்ப நேரம் காட்டியது. ஒற்றை விரல் அல்லவா.

3:31.

'டிங்.'

'குடை வாஷிங் மெஷின் பின்னால. சொல்லு.'

திரை அணைந்தது.

குனிந்து பார்த்தேன். பிளக் தரையில் கிடந்தது.

எப்படிப் படி இறங்கினேன், எப்படி அக்கா வீட்டுக்குப் போனேன், தெரியாது. ஐந்து மணிக்கு அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தேன். விதிகளை வரிசை மாற்றி எழுதியதையும் பதினேழு மெசேஜையும் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு மத்தியானம் நடந்ததைச் சொன்னேன்.

"எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து தம்பி?" என்றார் மெதுவாக. "வீட்ல இருந்ததையும் இழுத்துக்கிட்டுத்தான் விழுந்திருக்காரு. ரெண்டா போச்சு. வியாழக்கிழமையே லைனையும் வெட்டச் சொல்லிட்டேன்."

கடைசி மெசேஜை மட்டும் சொன்னேன்.

அக்காவின் முகம் வெளுத்தது.

"புதன்கிழமை காலையில குடையைக் காணோம். எங்க வெச்சீங்கன்னு கத்தினேன். இடது கையை ஆட்டி ஆட்டி என்னமோ காட்டினாரு. உங்க ஊமை பாஷை எனக்கு வேணாம்னு சொல்லிட்டு, கதவை அறைஞ்சு சாத்திட்டு வந்துட்டேன்... இதை நான் யார்கிட்டயும் சொல்லல தம்பி."

எழுந்து உள்ளே போனார். எதையோ நகர்த்தும் சத்தம். திரும்பி வந்தபோது கையில் ஒரு கறுப்புக் குடை. அதை மடியில் வைத்துக்கொண்டு அன்றுதான் முதல்முறையாக அழுதார்.

வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"பதினேழு தடவையும் குடையைத்தான் சொன்னாரா தம்பி? இல்ல... நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாரா?"

எனக்குத் தெரியாது. பதிவில் நேரம் மட்டும்தான் இருக்கிறது.