பிலாத்துவின் குரல்

திண்டுக்கல்லை ஒட்டிய தன் தேவாலயப் பங்கில் ஆண்டுதோறும் நடக்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் அருளப்பன்தான் பிலாத்து. இயேசுவைச் சாவுக்குக் கையளித்துவிட்டு ரோம ஆளுநராக அவர் கை கழுவும் காட்சியில் கைக்குழந்தைகூட அழாது என்பார்கள். மற்ற நாட்களில் செம்பட்டி உரக்கடையில் விற்பனையாளர்.

மதுரையில் ஒரு நாடகக் குழு ஆள் எடுத்தது. சனிக்கிழமை இரண்டு நிமிடம் தனியாகப் பேசிக் காட்ட வேண்டும். எதைப் பேசுவது என்பது அவரவர் விருப்பம். நாற்பத்தாறு வயதுக்கு மேல் இன்னொரு வாய்ப்பு வராது என்று அவருக்குப் பட்டது. எதைப் பேசுவதென்று யோசிக்கவே இல்லை. பிலாத்துதான்.

மனைவி புஷ்பமேரி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே நின்று கைகளை உயர்த்தினார். உதடுகள் அசைந்தன.

"ஏங்க, சத்தத்தக் காணோம்?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பாஸ்காவில் வசனமெல்லாம் என்றோ ஸ்டுடியோவில் பதிந்தது. நடிப்பவர்கள் வாயசைத்தால் போதும். பிலாத்துவின் குரல் வத்தலகுண்டு வாத்தியார் ஒருவருடையது.

சத்தம் போட்டுப் பேசிப் பார்த்தார். வாத்தியார் இழுத்த இடத்தில் இவருக்கு மூச்சு தீர்ந்தது.

"அவரு குரலு வெங்கலம். உங்களுது வேற."

"வேறன்னா?"

"யூரியா தீந்துபோச்சுன்னு சொல்ற குரலு."

கைகள் தன்னுடையவை, சொற்கள் இன்னொருவருடையவை என்றால் இத்தனை வருடம் ஊர் யாரைப் பார்த்தது? ஒரு ராஜா வசனத்தை எடுத்தார். ஒரு குடிகாரனின் புலம்பலை எடுத்தார். எல்லாவற்றிலும் வாத்தியாரே இழுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி முருகேசனுக்குப் போன் செய்தார். "அண்ணே, பொட்டாஷ் லோடு எறங்கிருச்சாண்ணே? நத்தம் பக்கம் நல்ல மழையாம்ல... இல்லண்ணே, ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல... நாளைக்கு ஒரு சோலி. சோலின்னா பெரிய சோலி இல்ல, இருந்தாலும் சோலிதான்... சிரிக்கக் கூடாது. நாடகத்துக்குண்ணே."

போனை வைத்தபோது மேரி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். "லீவு கேக்கவா இம்புட்டு ஊரு சுத்துனீங்க? மதுரையில போயி இதப் பேசுங்க."

"கிண்டலா?"

"மொதல்ல கிண்டலாத்தான் சொன்னேன்," என்றாள்.

அவருக்குக் கோபம் வந்தது. சாயங்காலம் வரை இருந்தது. இது நடிப்பா, வெறும் கூச்சமா? ஆனால் இதில் வாத்தியார் இல்லை. அது ஒன்றுதான் நிச்சயம்.

மதுரையில் அவருக்கு முன்னால் போனவர்கள் ஆளுக்கொரு விதமாக அழுதார்கள். அருளப்பன் காதருகே கையை வைத்து, "அண்ணே, பொட்டாஷ் லோடு எறங்கிருச்சாண்ணே?" என்று தொடங்கினார். நடுவில் ஓரிடத்தில் திக்கினார். அதுவும் நேற்றுத் திக்கிய இடம்தான். முடித்ததும் யாரும் கைதட்டவில்லை.

இயக்குநர் சத்யபிரியா பேனாவை மூடினாள். "லீவு குடுத்தாரா?"

"அரை நாள் குடுத்தாருங்க."

"அப்படியா? ஒத்திகை திங்கக்கிழமை. முழு நாள் கேட்டுப் பாருங்க."

அருளப்பன் வெளியே வந்து போனை எடுத்தார். முதலாளியின் எண்ணைத் தேடினார். லோடு நேற்றே இறங்கிவிட்டது. வேறு எதிலிருந்தாவது தொடங்க வேண்டும்.